எதிர்காற்றில் கப்பலைக் கரைசேர்த்த விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

மருமகள் போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுவது. இங்கு நான், அம்மா, உங்கள் கப்பல் மூவரும் நலம். உங்கள் அண்ணனும் மிக நலம். எனக்கு அதுதான் பயம். மாவுக்கட்டுப் போட்ட கை எப்படி இருக்கிறது? வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்ததும் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வருவதாகச் சொன்னீர்கள். தாராளமாக வாருங்கள். ஒரு மாலுமிகூடக் குறையாமல் துறைமுகத்தில் நிற்கும்.

"தினமும் ஒருதடவை கடலுக்குள்ள கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுடி. சும்மா கட்டிப்போட்டா மாலுமிங்க கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிடுவாங்க" என்று சொல்லித்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தீர்கள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை: உங்கள் கயிறு மட்டம். நான் மாலையில் கட்டிவிட்டுப் போகிற கப்பல், மறுநாள் பள்ளிவிட்டு வந்து அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தால், கலங்கரை விளக்கத்தையும் தாண்டி நடுக்கடலில் நிற்கிறது. உங்கள் விளையாட்டில் காற்று எந்நேரமும் கரையிலிருந்து கடலுக்கே அடிக்கிறது. அதுதான் அறுத்துக்கொண்டு போகிறது போலும். அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் அதை எதிர்காற்றில் ஓட்டிவந்து கட்டுவதே என் பிழைப்பாகிவிட்டது.

முதல் நாள் துறைமுகத்தைப் பார்த்து நேராக ஓட்டினேன். கப்பல் பின்னால் போனது. உங்கள் கப்பலின் ஒற்றைக்கண் சமையல்காரன், "இந்தக் கேப்டனுக்கு முன்பக்கம் எதுன்னே தெரியல" என்றான். அழுதுவிட்டேன். இப்போது அதே ஆள் எனக்கு சல்யூட் அடிக்கிறான். எப்படி என்று சொல்கிறேன், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய சதுரப் பாயைச் சுருட்டிவிட வேண்டும். எதிர்காற்றில் அது வெறும் சுமை. முக்கோணப் பாயை மட்டும் இறுக்கி இழுத்து, காற்றின் முகத்துக்கு நேரே போகாமல், சண்டைக்காரரைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஒதுங்கிப் போவோமே, அப்படிச் சாய்வாகப் போக வேண்டும். கொஞ்ச தூரம் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். திரும்புவதற்குமுன் நல்ல வேகம் வேண்டும். வேகமில்லாமல் திரும்பினால் காற்று மூக்கிலேயே அடித்து அப்படியே நிறுத்திவிடும். அதற்குப்பிறகு சமையல்காரன் வாயைக் கேட்க முடியாது.

இது மனதில் பதிவதற்காகப் பள்ளியிலிருந்து வரும்போது தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்ந்து நடந்து பழகினேன். தையல்காரர் கடையை விட்டே இறங்கி வந்து, "என்னம்மா, தலை சுத்துதா?" என்றார். "இல்லண்ணே, காத்து எதிர்க்க அடிக்குது" என்றேன். அவர் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போக, டாக்டர் "கண்ணு நல்லாத்தாங்க இருக்கு" என்று அம்மாவையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்று சாப்பிடும்போது உங்கள் அண்ணன், "கேம் ஆடற புள்ளைங்கதான் இப்படிக் கோணக்கோணயா நடக்கும். இந்த வீட்ல எவளாவது தொட்டா கம்ப்யூட்டரையே தூக்கி வீசிடுவேன்" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே கர்ஜித்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

ஆனாலும் நீங்கள் கவலைப்படாதீர்கள். இன்று மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன். இனி எந்தக் காற்றாலும் அசைக்க முடியாது.

உங்கள் கை சீக்கிரம் தேறவும், என் முதுகு தப்பவும் வேண்டிக்கொண்டு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள துணைக் கேப்டன்

பின்குறிப்பு: அத்தை, கயிறு நல்ல கயிறுதான். தண்ணீர் குடிக்கப் போனேன். முன்னறையில் உங்கள் அண்ணன் பனியனோடு உட்கார்ந்து கப்பல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பாஸ்வேர்டை நான்தான் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிந்து வைத்துவிட்டேன். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டவர், "ஏன்டி, போறப்ப ஜம்முனு போகுது, திரும்பி வரமாட்டேங்குது?" என்றார். "அப்ப தினமும் அங்கயே விட்டுட்டுப் படுத்துட்டீங்களாப்பா?" என்றேன். "மறுநாள் பாத்தா கரையிலதானே நிக்குது? தானா வந்துடும்னு நெனச்சேன்" என்கிறார்! இன்று கொள்ளையர் தீவு வரைக்கும் போயிருக்கிறார். சமையல்காரன் மூட்டை கட்டுகிறான். இப்போது அப்பா சுக்கான், நான் பாய். "வேகம் பத்தாதுப்பா, இப்பத் திருப்பாதீங்க" என்றால் கேட்டால்தானே. வெள்ளிக்கிழமை வராதீர்கள், கட்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். அம்மா அறையில் விளக்கு எரிகிறது. சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு உங்கள் அண்ணன் மேசைக்கு அடியில் போய்விட்டார்.