கம்ப்யூட்டர் ஆசானின் ஜீரோ டிகிரி

அந்த வருஷம் குளச்சலில் மூட்டு வலி இல்லாதவர்களுக்கும் மூட்டு வலி வந்துவிட்டது. காரணம், ஞானதாசன். களியக்காவிளைப் பக்கமிருந்து வந்து, சந்தையருகே ஒரு மாடியைப் பிடித்து, ‘கம்ப்யூட்டர் ஆசான்’ என்று பலகை மாட்டினார். அந்தப் பக்கம் ஆசான் என்றால் நாட்டு வைத்தியர். கத்தி இல்லை, தையல் இல்லை. பெண்கள் சேலையைத் தூக்கிக் காட்டவும் வேண்டாம். கூட்டம் தெருவரை நின்றது. மூட்டு வலிக்காரர்களை மாடி ஏறி வரச் சொல்கிற வைத்தியரை ஒருவரும் சந்தேகிக்கவில்லை!

சேலைக்கு மேலேயே சிவப்பு விளக்கைக் காட்டிக் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. திரையில் எலும்பு தேய்ந்து வளைந்து நிற்கும்: ஒன்பது டிகிரி கோணல். பாதத்தில் எண்ணெய் தடவி இன்னொரு தட்டு. எலும்பு வளர்ந்து நேர்: ஜீரோ டிகிரி. வலி? அது மெல்லப் போகுமாம். எலும்பு நேரான செய்தி நரம்புக்குப் போய்ச் சேர வேண்டாமா?

கூட்டத்தில் ஒருவரான ரசூல் பீவி இதை நம்பி, நாள் குறித்திருந்த முழங்கால் அறுவை சிகிச்சையை வேண்டாமென்றுவிட்டார். சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போன வருஷம்தான் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் துணையோடு வலது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர், கோபித்தார்.

“உங்களுக்கும் கம்ப்யூட்டர், எனக்கும் கம்ப்யூட்டர். பின்ன எதுக்கு அக்கா வெட்டணும்?” என்றார் ரசூல் பீவி.

“ஏட்டி, அங்க கம்ப்யூட்டர் வைத்தியம் பாக்கல்ல. இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் கோடு நேரா வருதான்னு அளந்து சொல்லும், அவ்வளவுதான். வெட்டி வைக்கியது டாக்டர். எனக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் உண்டுன்னு அவரே சொன்னாரு. உனக்க ஆசான்கிட்ட மட்டும் எல்லாருக்கும் ஜீரோவா?”

மறுநாள் இருவரும் சேர்ந்தே ஆசானிடம் போனார்கள். வேளாங்கண்ணி வலது காலை நீட்டினார். ஒன்பது டிகிரி. எண்ணெய். ஜீரோ.

“எலும்பு புதுசா வளந்தாச்சு அம்மா,” என்றார் ஆசான்.

வேளாங்கண்ணி சேலையை முழங்காலுக்கு மேல் உயர்த்தினார். நடுவில் நீளமான தையல் தழும்பு.

“ஆசானே, இதுக்குள்ள இருக்கியது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதுலயா எலும்பு வளந்தது?”

ஆசானுக்கு வியர்க்கக்கூட இல்லை. “பாத்தியளா! இரும்புலயே எலும்பு வளக்கிய எண்ணெய்!”

கூட்டம் கைதட்டியது.

வேளாங்கண்ணி விளக்கைப் பிடுங்கி, காலியாகக் கிடந்த நாற்காலியின் காலில் காட்டி, ஆசான் தட்டிய அதே விசையைத் தட்டினார். திரை சொன்னது: எலும்புத் தேய்மானம், ஒன்பது டிகிரி. மறுபடி தட்டினார். ஜீரோ.

 பிறகு ஒரு குரல். ரசூல் பீவியுடையது.

“நாற்காலிக்கு எண்ணெய் தடவவே இல்லியே! பின்ன எப்படி ஆசானே சொவமாச்சு?”

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் மாடியே சிரித்தது.

“மெஷின் சூடாயிட்டு. இன்னா வாறேன்,” என்று ஆசான் இறங்கினார், இரண்டிரண்டு படியாகத் தாண்டி. ஊரிலேயே நல்ல மூட்டு அவருடையதுதான்.

ரசூல் பீவி பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது மீன் வாங்கத் தானே நடந்து போகிறார். வழியில் சிலர் இன்னும் கேட்கிறார்களாம், ஆசான் எப்போது திரும்பி வருவார் என்று.

நடந்து நடந்து மூட்டு தேயும், உண்மைதான். மூளைக்கு அந்தப் பயம் வேண்டாம். எவ்வளவு பயன்படுத்தினாலும் தேயாது. ஒரு தடவை பயன்படுத்தித்தான் பாருங்களேன்.