குற்றாலத்தில் நான் வரவழைத்த வெள்ளம்

அரசு வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றே ஒன்றுதான். யாரும் கேட்காதபோது உங்கள் திறமையை வெளியே சொல்லாதீர்கள். டைப் அடிக்கத் தெரியும் என்று சொன்னவன் ஓய்வு பெறும் நாள்வரை டைப் அடிப்பான். கார் ஓட்டத் தெரியும் என்று சொன்னவன் அதிகாரியின் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். நான் மலையாளம் தெரியும் என்று சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல சீசனில், குற்றாலம் மெயின் அருவியில் ஓர் ஆள் இல்லாமல் செய்தேன். நாலரை நிமிஷம் ஆனது.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் ராயகிரிப் பக்கம். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா செல்வி தென்காசியில் போலீஸ் ஏட்டு. நான் சுரண்டைப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஆக, மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி மூன்றும் ஒரே வீட்டில் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தி வந்தன. மீன் குழம்பு வைத்தால் தலை மத்திய அரசுக்கு, நடுத்துண்டு மாநில அரசுக்கு, வால் உள்ளாட்சிக்கு. (பரிமாறிய அம்மா எந்த அரசிலும் இல்லாததால் அவருக்குக் குழம்பு மட்டும்.)

வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா என்னை அறிமுகப்படுத்தும் விதமே தனி. "நான் சென்ட்ரல். மவ ஸ்டேட். இவன் லோக்கல்" என்பார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொல்லும்போது வந்தவர்கள் என் சட்டையைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் நேராகவே கேட்டார். "எல்லையக் காக்குதவன் சென்ட்ரல். களவாணிட்டருந்து காக்குதவன் ஸ்டேட். நீ என்னத்தலே காக்குத?"

"குடிதண்ணி, தெருவிளக்கு, குப்பை... எல்லாம் நாங்கதானப்பா."

"குப்பைய எவன்லே களவாண்டுட்டுப் போகப் போறான், நீ காக்கதுக்கு?"

இதற்குப் பதில் எந்த அரசாணையிலும் இல்லை.

நான் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தகுதிகாண் பருவம். (தும்முவதாக இருந்தாலும் உரிய வழியில் விண்ணப்பித்துவிட்டுத் தும்ம வேண்டிய காலம்.) குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் சுற்றுவட்டாரத்து அலுவலகங்களில் இருந்து ஆள் கேட்பார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்து என்னை அனுப்பினார்கள். அங்கே எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தது ஒரு பெண் அதிகாரி. குரல் உயராது, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். எல்லோரும் அவரை மேடம் என்போம்.

மேடம் பட்டியலை வாசித்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்றவனுக்குக் கார் நிறுத்துமிடம். அடுத்தது பொதுக் கழிப்பறை மேற்பார்வை. அவர் பேனா என் பெயரை நோக்கி இறங்குவது தெரிந்தது.

"மேடம், எனக்கு மலையாளம் தெரியும்" என்றேன்.

பேனா நின்றது. "எழுதப் படிக்கவா?"

"பேச, மேடம். சரளமா."

அந்தச் சரளம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், புளியறையில் மாமா நடத்திய பரோட்டாக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கேரளா போகிற, வருகிற லாரி டிரைவர்கள் சாப்பிட வருவார்கள். "வெள்ளம் தரூ", "எந்தா உள்ளது?" (என்ன இருக்கிறது), "எத்ர ஆயி?" (எவ்வளவு ஆயிற்று). இந்த மூன்று வாக்கியங்களுக்குள் ஒரு மொழி முழுவதும் அடங்கிவிடும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

"கேரளா ஆட்கள் நிறைய வர்றாங்க. மைக் ரூமுக்குப் போங்க" என்றார் மேடம். கழிப்பறை மேற்பார்வை என் பக்கத்தில் நின்றவனுக்குப் போனது. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது பொறாமை என்று நினைத்தேன்.

மைக் ரூம் என்பது அருவிக்கு எதிரே ஒரு சின்ன அறை. ஒரு மைக், ஒரு டெலிபோன், ஒரு மின்விசிறி. ஐந்து நாள் ராஜாவாக இருந்தேன். "அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே ராகம் மாற்றி மலையாளம் என்று சொல்வேன். யாரும் புகார் கொடுக்கவில்லை. கேரளத்தவர்கள் மரியாதையானவர்கள்.

ஆறாவது நாள் ஞாயிறு. சாரல் பிடித்திருந்தது. அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது, கூட்டம்தான் அளவில்லாமல் இருந்தது. அக்காவுக்குப் பெண்கள் குளிக்கும் பக்கம் காவல். அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். எண்ணெய் மசாஜ் செய்ய வந்ததாகச் சொன்னார். மசாஜ் பண்ண எத்தனையோ இடம் இருக்க, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே ஏன் போய் உட்கார்ந்தார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்து குடிநீர்க் குழாய் உடைந்திருந்தது. லாரியில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடாகியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் மைக் ரூம் வாசலில் காலிப் பாட்டில்களோடு பத்திருபது கேரளக் குடும்பங்கள் நின்றன. முன்னால் நின்ற ஒரு சேட்டன், பெரிய மீசை, சன்னல் வழியாகத் தலையை விட்டுக் கேட்டார்.

"சாரே, வெள்ளம் எப்போழா வருக?"

லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். "ஊர் முகப்பு ஆர்ச்சைத் தாண்டிட்டேன் சார், அஞ்சு நிமிஷம்" என்றான்.

இதைச் சேட்டனிடம் சன்னல் வழியாகவே சொல்லியிருக்கலாம். இரண்டடி தூரம்தான். ஆனால் கையில் மைக் இருக்கிறவன் வாயால் பேசமாட்டான். பொத்தானை அழுத்தினேன். தொண்டையைச் செருமினேன். என் வாழ்நாளின் மிகச் சுத்தமான மலையாளம் அன்றைக்குத்தான் வந்தது.

"ஸ்ரத்திக்குக! வெள்ளம் வருந்நுண்டு! அஞ்சு மினிட்டினுள்ளில் வெள்ளம் வரும்! எல்லாவரும் குப்பி எடுத்து வேகம் லாரியுடெ அடுத்தேக்கு வரூ!"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குப்பி என்றால் பாட்டில். இலக்கணப்படி அந்த அறிவிப்பில் ஒரு பிழையும் இல்லை என்று பின்னாளில் ஒரு மலையாள ஆசிரியரே எனக்குச் சான்று கொடுத்திருக்கிறார். ஆனால் அருவியில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். மலைமேல் மழை பெய்தால் அருவியில் திடீரென்று தண்ணீர் பெருகும், சொன்ன உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று வருஷக் கணக்காகப் போலீஸ் சொல்லிச் சொல்லிப் பழக்கி வைத்திருந்தது. பாறையில் மோதி என் குரல் திரும்பி வந்தது. "வெள்ளம்... வெள்ளம்... வெள்ளம்..."

ஒரு வினாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் நடந்தது.

அருவிக்கடியில் நின்ற கூட்டம் அப்படியே திரும்பியது. பாதித் தலையில் சோப்பு நுரையோடு (தடை செய்யப்பட்ட சோப்பு) ஒருவர் எனக்கு நேரே ஓடி வந்தார். பெண்கள் பக்கத்தில் அக்காவின் விசில் கேட்டது. அக்கா விசில் அடித்ததைக் கேட்டு இன்னொரு போலீஸ்காரர் சைரனை அழுத்தினார். அதுவரை சந்தேகப்பட்டு நின்றவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சைரன் சத்தம் கேட்டதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. நிஜமாகவே வெள்ளம் வருகிறது போலிருக்கிறது என்று மைக்கைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

ஓடும்போது அப்பாவைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், பாதை நடுவில் கையை விரித்து நின்றுகொண்டு "லைன்! லைன்! லேடீஸ் முதல்ல! ஜல்தி! ஜல்தி!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கால் தடுக்கி உட்கார்ந்துவிட்ட ஒரு கனத்த மனிதரைத் தோளில் தூக்க முயன்றார். எண்ணெயில் அந்த மனிதர் வழுக்கி வழுக்கி இறங்கினார். மூன்றாவது முறை அவரே எழுந்து, "நான் நடந்தே வாரேன், அண்ணாச்சி" என்று கும்பிட்டார்.

கூட்டத்தில் பாதி, 'லாரி' என்ற சொல் காதில் விழுந்ததால், ஏற்றிப் போக அரசாங்கம் லாரி அனுப்பியிருப்பதாக நினைத்து ரோட்டுக்கு ஓடியது. சரியாக அந்த நேரம் தண்ணீர் லாரி வந்து நின்றது. ஈரத்துணியோடு சில நூறு பேர் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்த டிரைவர், கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டானாம்.

கேரளக் குடும்பங்கள் மட்டும் ஓடவில்லை. பாட்டிலோடு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. மீசைச் சேட்டன் ஓடுகிற என் கையைப் பிடித்து நிறுத்தி, மிகுந்த இரக்கத்தோடு கேட்டார். "சாரே, இவர்க்கொக்கெ இத்ர தாகமோ?"

எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது அப்போதுதான். அதற்குள் அக்கா வந்து என் காலரைப் பிடித்துவிட்டாள்.

"ஏலே, வெள்ளம் வருதுன்னு மேல இருந்து யாரு சொன்னா? ஃபாரஸ்ட்டா?"

"இல்லக்கா."

"பொறவு? பொதுப்பணித்துறையா?"

"இல்லக்கா. லாரி டிரைவர்."

"அவனுக்கு எப்படிலே தெரியும் வெள்ளம் வருதுன்னு?"

"அவன்தானக்கா கொண்டு வாரான்."

அக்கா என்னைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். அதன் பின்பக்கம் 'குடிநீர்' என்று எழுதியிருந்ததைப் படித்தாள். காலரை விட்டுவிட்டுச் சட்டையை நீவிச் சரிசெய்தாள். அவள் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மைக் ரூமில் டெலிபோன் அடித்தது. வேறு யாரும் இல்லாததால் நானே திரும்பிப் போய் எடுத்தேன். எந்தக் கட்டுப்பாட்டு அறை என்று சொன்னார்கள், பதற்றத்தில் மனதில் நிற்கவில்லை.

"வெள்ளம்னு தகவல். எவ்வளவு வந்திருக்கு?"

அரசாங்கத்திடம் பொய் சொல்லக் கூடாது. "பன்னிரண்டாயிரம் லிட்டர், சார்."

"லிட்டரா? கன அடியில சொல்லுங்க."

"லாரியில வந்திருக்கு, சார்."

"வெள்ளமா?"

"ஆமா சார்."

"லாரியிலயா?"

"ஆமா சார்."

"உங்க பேரு, பதவி சொல்லுங்க."

அன்று மத்தியானத்துக்குள் டிவியில் கீழே எழுத்து ஓடிவிட்டது. எங்கோ ஒரு மீட்புப் படையைத் தயார் நிலையில் இருக்கச் சொல்லியிருந்தார்களாம். அப்பாவோடு பணியாற்றிய ஒருவர் வடக்கே இருந்து கூப்பிட்டு, "உயிரோட இருக்கீங்களா?" என்று விசாரித்தார். "இருக்கேன். மவனை மட்டும் என்ன செய்யன்னு தெரியல" என்றார் அப்பா.

மறுநாள் தென்காசியில் விசாரணை. நீளமான மேசை, சுற்றிலும் துறைகள். முதல் அரைமணி நேரம், இது யாருடைய வெள்ளம் என்பதிலேயே கழிந்தது. வெள்ளம் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வது மத்திய அரசு. வந்தால் ஆட்களை வெளியேற்றுவது மாநில அரசு. குடிப்பதற்கு வந்தால் உள்ளாட்சி. இந்த மூன்று அதிகாரத்தையும் எட்டு மாத சர்வீஸில் ஒரே வாக்கியத்தில் நான் கையில் எடுத்திருந்தேன். வேலை போய்விடும் என்று நிச்சயமாக நம்பினேன். காலையில் வரும்போதே மாமாவின் பரோட்டாக் கடையை நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

மேடம் எழுந்தார். குரல் உயரவில்லை. "சார், தண்ணி வருதுன்னு சொல்றது அவர் வேலை. சொன்னார். கேட்டதும் வெளிய வரணும்னு ஜனங்களைப் பழக்கினது போலீஸ். வந்தாங்க. யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. இதுக்கு முன்னாடி ஒத்திகை வச்சோமே, எவ்வளவு நேரம் ஆச்சு?"

ஒருவர் தயங்கித் தயங்கி, "முக்கால் மணி நேரம்" என்றார். ஒத்திகை என்று தெரிந்ததால் பலர் வெளியே வர மறுத்து, இன்னொரு முறை தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றார்களாம்.

"நேத்து?"

கதவருகே நின்ற அக்கா விறைத்து சல்யூட் அடித்தாள். "நாலரை நிமிஷம், சார்." அந்தக் கலவரத்திலும் அவள் நேரம் குறித்திருக்கிறாள்.

தலைமை அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "பாராட்டும் எழுதணும், மெமோவும் குடுக்கணும். ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுத முடியுமா?"

முடியாது என்பதால் தனித்தனியாக எழுதினார்கள். அக்காவுக்குப் பாராட்டு. எனக்கு மெமோ. அப்பாவின் படம் துண்டோடு பேப்பரில் வந்தது: 'பதறாமல் மக்களைக் காத்த முன்னாள் ராணுவ வீரர்'. எந்த ஆபத்திலிருந்து காத்தார் என்று அந்தச் செய்தியில் இல்லை.

மெமோவுக்கு எட்டு முறை திருத்தி விளக்கம் எழுதினேன். என் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் தள்ளிப்போய் முடிந்தது. பிற மொழிகளில் அறிவிப்புச் செய்யும்முன் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மீதிச் சீசன் முழுவதும் நான் பொதுக் கழிப்பறையை மேற்பார்வை செய்தேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்தே இருந்திருக்கிறார். எதிர்க்கடையில் டீ வாங்கித் தந்தார்.

"இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்லே. என் சொல்லுக்கு ஒரே நேரத்துல ஓடினது கூடிப்போனா பதினோரு பேரு" என்றார். டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நீ சொன்னா அத்தன பேரும் ஓடுதாவ. பாத்துச் சொல்லணும்லே. என்ன?"

"சரிப்பா" என்றேன். அதன்பிறகு என்னை லோக்கல் என்று சொல்வதை அவர் விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். விடவில்லை. "இவன் லோக்கல், ஆனா சத்தம் பெருசு" என்று ஒரு திருத்தம் மட்டும் கொண்டுவந்தார்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆகி, மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் விருந்தாளி வந்தால் போதும், அக்கா இந்தக் கதையை நடித்தே காட்டுவாள். பிள்ளை அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். போன மாதம் அவள் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். பரீட்சைத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். கேள்வி: 'வெள்ளம் வருவதாக அறிவிப்பு வந்தால் நீ என்ன செய்வாய்?' கீழே மகளின் கையெழுத்தில், குண்டு குண்டாக: 'பாட்டில் எடுத்துக்கொண்டு லாரிக்கு ஓடுவேன்.' பக்கத்தில் சிவப்பில் பெரிய பூஜ்யம்.

"வீட்ல யாரு சார் இப்படிச் சொல்லிக் குடுக்கிறது?" என்றார் டீச்சர்.

நான் பேனாவை எடுத்து, பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் இப்போது சப்-இன்ஸ்பெக்டர், சும்மா சிரிக்கிற ஆள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பாதி மார்க்காவது போட்டிருக்கணும்லே. அன்னைக்குப் பாதிப் பேரு அதத்தான செஞ்சாவ."