ஈஸாவின் கையெழுத்து

"ஈஸா நேரில் கையெழுத்திடாததால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது."

வந்திருந்த பதிலை ஜீவமணி இரண்டு முறை வாசித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். அப்போதும் அப்படித்தான் இருந்தது.

"அண்ணாச்சி, மச்சான் மவுத்தாகிப் பதினோரு நாளாச்சு. அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?" என்றான் அம்மார்.

"நானும் அதத்தான் தம்பி யோசிக்கேன்."

அம்மாரின் அக்காள் பதுருன்னிஸாவின் கணவர்தான் ஈஸா. வளைகுடாவில் ஒரு மளிகைக் கடையில் இருபது வருடம் நின்றவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த ஊரிலேயே அடக்கம் செய்துவிடலாம் என்று காயல்பட்டினத்தில் குடும்பம் முடிவு செய்தது. அதற்குத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். அதுவரை ஈஸாவின் உடல் ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில்.

தூதரகத்துக்குப் போன் போட்டால், நிர்வாகமும் அதிகாரிகள் பயிற்சியும் சீரமைக்கப்பட்டு வருவதாக ஒரு குரல் மூன்று மொழிகளில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. ஜீவமணி தன் இ-சேவை மையத்தில் தேடித் தேடி அவர்களுடைய புது இணையதளத்தைக் கண்டுபிடித்தார். விண்ணப்பம் போட்ட பத்தாவது நிமிடமே, "தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்" என்று பதில் வந்தது.

"பாத்தியளா தம்பி! முன்னெல்லாம் போனையே எடுக்க மாட்டாவ."

சிக்கல் மறுநாள் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஈஸா, பாஸ்போர்ட்டில் 'இ' எழுத்தில் தொடங்கினார். இறப்புச் சான்றில் 'ஐ' எழுத்தில். இருவரும் ஒருவரே என்று தூத்துக்குடியில் நோட்டரியிடம் எழுதி வாங்கி அனுப்பினான் அம்மார். 'இருவர்' என்று குறிப்பிட்டிருப்பதால் இன்னொரு இறப்புச் சான்றும் தேவை என்று பதில் வந்தது. இறந்தது ஒருவர்தான் என்று விளக்கி எழுதினான். அப்படியானால் மற்றவர் உயிரோடிருக்கிறார், அவர் கையெழுத்திடட்டும் என்றார்கள்.

அதைத்தான் ஜீவமணி இப்போது மூன்று முறை வாசித்திருந்தார்.

அம்மார் கோபத்தில் நீளமாக ஒரு முறையீடு எழுதினான். மனைவியை நேர்காணல் செய்ய வேண்டும் என்று அதற்குப் பதில் வந்தது. கணவனை இழந்தவள் வேற்று ஆண்கள் முன் வராமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருந்தாள் பதுருன்னிஸா. பெண் அதிகாரிதான் என்றதும், அன்று மாலையே வீட்டுக்குள் செல்போனில் ஏற்பாடானது.

திரையில் வந்த இளம் அதிகாரியின் பெயர் சரண்யாதேவி. "நானும் உங்க ஊருக்குப் பக்கத்துல ஏரல்தான் அக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் பதுருன்னிஸா உடைந்துவிட்டாள்.

"ஏம்மா, நாங்க வேற ஒண்ணும் கேக்கல. சீக்கிரம் மண்ணுக்குள்ள வைக்கச் சொல்லும்மா. அவுஹளுக்குக் குளிரே ஆவாது. மார்கழியில ஃபேன் போட்டா எந்திரிச்சி உக்காந்துக்கிடுவாஹ..."

சரண்யாதேவிக்கும் கண் கலங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்: "கடைசிக் கேள்வி அக்கா. எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை குடுப்பீங்க?"

பதுருன்னிஸா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"அஞ்சு. ரொம்ப நன்றி அக்கா."

மறுநாள் காலை முத்திரையோடு கடிதம் வந்தது. அம்மார் அதை ஈஸாவின் அறைத்தோழன் ஹுதைஃபாவுக்கு அனுப்பினான். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறேன். சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள அடக்கிடலாம்" என்றான் ஹுதைஃபா.

"லாத்தா, இன்னைக்கு அடக்கம்" என்று அம்மார் சொன்னதும், பதுருன்னிஸா பன்னிரண்டு நாளில் முதன்முறையாகக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். பாதிக் கிண்ணத்தில் அழுகை வந்தது. அழுதுவிட்டு மீதியையும் குடித்தாள்.

அம்மாரின் போன் அடித்தது. ஹுதைஃபா என்று நினைத்து ஓடிப்போய் எடுத்தான். சரண்யாதேவி. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் உற்சாகமாகப் பேசத் தொடங்கிவிட்டாள்:

"சார், எங்க பயிற்சி இணையதளத்துல இறந்தவர் குடும்பமா நடிக்க வந்தவங்கள்ல உங்களுக்குத்தான் முதல் மார்க், அக்கா அழுதது நிஜம் மாதிரியே இருந்துச்சு... நீங்கல்லாம் எந்த நாடகக் குழு சார்?"