பழைய பாவாடை காட்டினால்தான் பட்டாசு

வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் மாமல்லபுரத்துப் பக்கம்தான் இருந்தார். அவரை எல்லாரும் பழந்துணி என்போம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது.

என் படிப்பு பஸ் போர்டு படிக்கிற அளவுதான். ஆனால் ஆளைப் படிப்பேன். தலையில் மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் விற்றவள் நான். யார் வாங்குவார், யார் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார் என்று கூடையை இறக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் தப்பாகப் படித்த ஆள் அவர் ஒருவர். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எழுபதுகளில் நடந்தது. வருஷம் முழுக்க அவருக்குப் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பொட்டிக்கடை. பீடி, வெற்றிலை, சோடா. கேட்டதை எடுத்துக் கொடுப்பார். கோபம் வராது. ஐப்பசி பிறந்து பட்டாசுப் பெட்டி வந்து இறங்கியதும் ஆளே மாறிவிடுவார். கடையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே மணல் மேட்டுக்குப் போய்விடுவார். நாலு தகரம், ஒரு பெஞ்சு. சுற்றிலும் ஒரு சவுக்குச் சருகு கிடக்க விடமாட்டார், தினம் காலையில் அவரே பெருக்குவார். கடைக்கு இருபதடி முன்னால் மணலில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். பீடியோடு வருகிறவன் அதைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். அந்தப் பீடியை விற்றவரும் அவர்தான்.

ஒருதரம் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் சிகரெட்டோடு ஏறினார்.

"நான் யாருன்னு தெரியுமாய்யா உனுக்கு?"

"தெரியும். உன் வாயில புகையறது யாருன்னும் தெரியும். அத்த தொட்டில போட்டுட்டு வா, அப்பால உன்னைப் பத்திப் பேசலாம்."

பெரிய மனிதர் போட்டார். முழுசாக இருந்த சிகரெட். அதிலிருந்து அந்தத் தொட்டிக்கு ஊரில் ஒரு மரியாதை.

பெஞ்சு வரை போய்ச் சேர்ந்துவிட்டால் சரக்கு கிடைத்துவிடும் என்று நினைக்கக்கூடாது. அங்கேதான் விசாரணை.

"ராக்கெட்டு வோணுமா? உன் வூடு ஓடா, ஓலையா?"

"ஓடுதான், அண்ணாத்தே."

"பக்கத்து வூடு?"

"ஓலை."

"அப்ப நீயும் ஓலைதான். கம்பி மத்தாப்பு தர்றேன், எத்தினி பொட்டி?"

எங்கள் குப்பத்தில் அப்போது ஓட்டு வீடு மூன்று. அந்த மூன்றுக்கும் பக்கத்து வீடு இருந்தது. ஆகவே அவர் கடையில் இருந்த ராக்கெட்டுகள் மாதிரி ஆயுசு கெட்டியான ராக்கெட்டுகளை நான் பார்த்ததில்லை. ஒரே ராக்கெட்டை மூன்று தீபாவளிக்குப் பார்த்திருக்கிறேன்.

சரவெடி கேட்டால் பரீட்சை. நீள ஊதுவத்தி ஒன்றைப் பற்றவைக்காமல் கையில் கொடுப்பார். மணலில் ஒரு புஸ்வாணத்தை வைத்துவிட்டு, "பத்த வெச்சுக் காட்டு" என்பார். உட்காரக் கூடாது, மேலே குனியக் கூடாது, கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், பிறகு பின்னாலேயே ஆறு எட்டு வைத்து வர வேண்டும். கட்டுமரத்தில் ஆளுயர அலையைத் தாண்டிப் போகிற ஆம்பளைகள், எரியாத ஊதுவத்தியோடு மணல் மேட்டில் பின்னால் நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று தரம் தோற்றவர்களும் உண்டு.

இதையெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது பழந்துணி விஷயம்தான்.

தீபாவளி என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுசு உடுத்தி, அந்தப் புதுசோடு வெடி வைப்பதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். இவர் கடையில் சட்டம் வேறு. பட்டாசு வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய நூல் துணி கொண்டுவந்து காட்ட வேண்டும். அதைக் கசக்கி, விரலால் நெருடிப் பார்த்து, நூல்தான் என்று தெரிந்தால் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். வெடி விடும்போது அதைத்தான் கட்ட வேண்டும். அப்போது நைலான் புடவையும் நைலான் கவுனும் வந்த புதுசு. அந்தத் துணியைக் கண்டால் அவர் முகம் சுண்டிவிடும்.

"நாளும் கிழமையுமா பழசைக் கட்டச் சொல்றியே, ஊரு வெளங்குமா?" என்று எங்கள் பக்கத்து வீட்டு முனியம்மா கேட்டாள்.

"வெடியற நேரத்துக்குப் பழசு. வெடிச்சு முடிச்சிட்டு புதுசு. சாமி கோச்சுக்காது. நெருப்புதான் கோச்சுக்கும்."

பஸ்ஸிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள், கக்கத்தில் கிழிசல் புடவையோடு மணல் மேட்டில் வரிசையாக ஏறுகிற எங்களைப் பார்த்துவிட்டு, மேலே சலவைக் கடை இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை வரம் கேட்டுத் திருக்கழுக்குன்றத்துக் கழுகு மலைப் படியை எத்தனை தரம் ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பத்தாவது வருஷம் பிறந்தவள் வேதவல்லி. அவளுக்கு ஆறு வயசாகிற தீபாவளிக்குச் செங்கல்பட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் தொங்கின ரோஜா நிற நைலான் கவுனை வாங்கினேன். மூன்று அடுக்குச் சுருக்கம், இடுப்பில் ரிப்பன். எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் போட்டதில்லை. அதை என் மகள் போட்டுக்கொண்டு வாசலில் மத்தாப்பு பிடிக்க வேண்டும், தெரு பார்க்க வேண்டும். ஒன்பது வருஷம் என்னை ஒரு மாதிரி பார்த்த தெரு அது.

கவுனையே எடுத்துக்கொண்டு மணல் மேட்டுக்குப் போனேன். வேதாவும் என் வீட்டுக்காரரும் கூட வந்தார்கள். பழந்துணி கவுனை ஒரு விரலால் தொட்டார்.

"தங்கச்சி, இதுக்கு மத்தாப்பு கெடையாது."

"எம் பொண்ணு, என் கவுனு. உனுக்கு இன்னா வந்துச்சு?"

"உன் வூட்டுக்காரன் நைலான் வலை முடியறான் இல்ல? நூலை அறுத்துட்டு நுனியைப் பீடியில சுட்டு ஒட்டறான். அந்த சொட்டு வெரல்ல வுழுந்தா இன்னா ஆவும்னு அவனைக் கேளு."

என் வீட்டுக்காரர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அந்த விரலில் ஒரு தழும்பு உண்டு. உருகின நூல் தோலோடு ஒட்டிக்கொண்டு, பிடுங்கினபோது சதையோடு வந்தது.

"வலையும் கவுனும் ஒண்ணா? இது கண்ணாடிக்குள்ள தொங்குனது தெரியுமா?" என்றேன்.

"எங்க தொங்குனா இன்னா. நூலு அதேதான்."

எல்லார் எதிரிலும் சொன்னார். எனக்கு மேலெல்லாம் எரிந்தது. "உன் கடை இல்லைன்னா ஊர்ல வேற கடை இல்லையா? ஆளைப் பாரு, பழந்துணி" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு இறங்கினேன். அதுவரை முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பேர்.

மறுநாள் திருக்கழுக்குன்றத்தில் மீனை விற்றுவிட்டுப் பட்டாசு வாங்கினேன். பழந்துணி கண்ணில் படக்கூடாதென்று கூடைக்குள் அடியில் வைத்து மேலே ஓலை போட்டு மறைத்து, பஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சாலை முழுக்கப் பள்ளம். கூடை ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறி எகிறி விழுந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டு மத்தாப்பில் காரப்பொடி மீன் வாசனை.

தீபாவளியன்று விடியலில் மழை விட்டிருந்தது. வேதாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கவுனைப் போட்டு வாசலில் நிறுத்தினேன். முனியம்மா வீட்டுப் பிள்ளைகள் முடிச்சுப் போட்ட பழைய துணியில் நின்றன. என் மகள் ரோஜாப்பூ மாதிரி நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது சைக்கிள் மணி. பழந்துணி ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியலில் தெருத் தெருவாக வருவார். சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிரப்பின மண்ணெண்ணெய் டின், பின்னால் நனைத்த கோணிச் சாக்கு. எங்கள் வாசலில் இறங்கினார். வேதாவைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டின்னைக் கழற்றி, குழந்தையின் தோளிலிருந்து கால் வரைக்கும் நிதானமாக ஊற்றினார். செடிக்கு ஊற்றுகிற மாதிரி.

நான் பேசினதை இங்கே சொல்ல முடியாது. மீன் விற்கிறவள் வாய், கேட்கவா வேண்டும். வேதா வீல் என்று அழுதாள். முனியம்மா மட்டும், "இன்னாடி, எண்ணெய் போகலையா? ரெண்டாவது தபா குளிப்பாட்டறாரு" என்றாள்.

நான் முழுக்கப் பேசி முடிக்கிற வரைக்கும் அவர் காலி டின்னோடு நின்றார்.

"கழட்டிக் கொடில போடு, தங்கச்சி. கால் மணில காஞ்சிடும். நைலானு தண்ணி குடிக்காது, நெருப்பைத்தான் குடிக்கும். அது காயற வரைக்கும் கொழந்தை பழசைப் போட்டுகினு வெடி வுடட்டும்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் குழந்தை நனைந்து நிற்கிறது, வேறு என்ன செய்ய. உள்ளே கூட்டிப்போய், சாயம் போன பழைய சீட்டிப் பாவாடையைக் கட்டிவிட்டு, கவுனை வலை காயப்போடுகிற கயிற்றில் தொங்கவிட்டேன்.

வேதா விசும்பிக்கொண்டே புஸ்வாணத்தை எடுத்தாள். "கையை நீட்டு. மூஞ்சைத் திருப்பு" என்றார் அவர், சைக்கிளைப் பிடித்தபடி. அவள் நீட்டினாள், திருப்பினாள். திரி பிடித்தது. பின்னால் வர ஆரம்பித்தாள்.

அது பூவாகச் சொரியவில்லை. படார் என்று வெடித்தது. பஸ்ஸில் எகிறினதில் உள்ளே விரிசல் விட்டிருக்க வேண்டும். நெருப்பு மொத்தமும் சிதறி வேதாவின் பாவாடை மேல் விழுந்ததைப் பார்த்தேன். அவர் சைக்கிள் கீழே விழுகிற சத்தம் கேட்டது. குழந்தை இருந்த இடத்தில் ஈரச் சாக்கு மட்டும் தெரிந்தது.

சாக்கைத் தூக்கினார். வேதா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"கண்ணைத் தொற. இது எத்தினி வெரலு?"

"மூணு."

"சரி" என்றார். சைக்கிளை நிமிர்த்தினார். சாக்கை மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் நன்றி சொல்லவில்லை. "கவுனு சாயம் போயிருந்துதுன்னா உன்னை சும்மா வுடமாட்டேன்" என்று அவர் முதுகுக்குச் சொன்னேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. பிறகு உட்கார்ந்து பாவாடையைப் பார்த்தேன். ஏழு ஓட்டை. ஒவ்வொன்றும் கருகின விளிம்போடு, சுண்டுவிரல் நுழைகிற அளவு. நூல் துணி, பட்ட இடத்தில் கருகி அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே தொடையில், முழங்காலில், ஒரு சிவப்புக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் கயிற்றிடம் போய்க் கவுனைத் தொட்டார். அதற்குள் காய்ந்திருந்தது. அடுக்குச் சுருக்கத்தைக் கட்டைவிரலால் நெருடினார், வலையை நெருடுகிற மாதிரி.

"அதே நூலுதாண்டி" என்றார். அன்றைக்கு அவர் பேசின முதல் வார்த்தை அது.

அடுத்த தீபாவளிக்கு அந்தச் சீட்டிப் பாவாடையை எடுத்துக்கொண்டு மணல் மேட்டில் ஏறினேன். பெஞ்சில் விரித்துப் போட்டேன். பழந்துணி ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழக்கமாகப் போடுகிற முடிச்சைப் போடவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மத்தாப்புப் பெட்டிகளை எடுக்கத் திரும்பினார்.

ஊரில் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. பெண்சாதி புடவையில் தீப்பிடித்துப் போனாள் என்பார்கள். பட்டாளத்தில் வெடிக் கிடங்கில் இருந்தார் என்பார்கள். அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அண்ணாத்தே, உன் வூட்டுல இன்னா நடந்துச்சு? யாருக்கு ஆச்சு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கல. நடந்தாத்தான் பார்த்துக்கணுமா?"

சில வருஷம் கழித்து ஒரு ஐப்பசியில் மணல் மேடு காலியாக இருந்தது. செய்யூர்ப் பக்கம் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். அப்புறம் சேதி இல்லை.

வேதாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. தீபாவளிக்கு வந்தால், எண்ணெய் தேய்த்துவிடுகிற சாக்கில் அவள் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "இன்னாம்மா தேடறே?" என்பாள். ஒன்றும் இல்லை என்பேன். எங்கேயும் ஒன்றும் இல்லை, ஒரு தழும்புகூட. அவர் விட்டுப்போனது அதுதான்.