கமென்ட்ரியின் கால்விரல்கள்

வாயைத் திறக்காமல் யோசிக்கத் தெரியாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரோடு புனே சாங்வியில் ஒரே ஃப்ளாட்டில் மூன்று வருடம் குடியிருந்து காது தேய்ந்தவன் நான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் கமென்ட்ரி.

நெல்லைக்காரர். ஐ.டி. கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர். வாயால் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார். "இந்தா, எக்ஸ் வாரான். ஒய்கிட்ட இருக்கத வாங்கிட்டுப் போறான். ஒய் சும்மா விடுவானா?" பேங்க் குமாஸ்தாவான எனக்குப் பாஸ்வேர்டு மாற்றவே ஆள் வேண்டும். ஆனால் பல் தேய்த்தபடி இதைக் கேட்டுக் கேட்டு, எக்ஸ் கடைசியில் எங்கே போய் மாட்டுவான் என்று எனக்கே தெரிந்துவிடும். கீழ்வீட்டில் இருந்த ஓனர் அம்மாளை நாங்கள் மராத்தி வழக்கப்படி காக்கு, அதாவது சித்தி, என்போம். இந்த மனிதர் யாரோடு தினமும் சண்டை போடுகிறார் என்று அவர் என்னிடம் விசாரிக்காத வாரம் கிடையாது.

எட்டு வருடம் வேலை வாங்கிய கம்பெனிக்கு, இவருக்கு வேலை தெரியுமா என்று திடீரென்று சந்தேகம் வந்தது. மாதக் கடைசிக்குள் சர்டிஃபிகேஷன் பரீட்சை பாஸ் செய்யாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று, அவருடைய வளர்ச்சியில் மிகுந்த அக்கறையோடு ஒரு மெயில் அனுப்பியது. அவரோ ஜூனில் மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துவர, மகளுக்குப் பள்ளியில் இடமே வாங்கிவிட்டிருந்தார்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். எங்கிருந்தோ ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, உதடு அசையக்கூடாது. ஏழாவது கேள்வியில் நம்மவர் எக்ஸைப் பார்த்து, "எங்கல போற, மூதி?" என்றார். பரீட்சை ரத்து. யாரிடமோ விடை கேட்டாராம்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. பயிற்சியாளர் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். வாயில் தண்ணீரை நிறுத்திக்கொண்டு படிக்கச் சொன்னேன். மூன்றாம் கேள்வியில் கீபோர்டு குளித்தது. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். மேஜைக்கு அடியில் நடப்பது கேமராவுக்குத் தெரியாதே! வலது கால் கட்டைவிரல் எக்ஸ், பக்கத்து விரல் ஒய். வாய் பேச வேண்டியதை விரல்கள் பேசின. ஒரே வாரத்தில் உதடு அடங்கிவிட்டது. கேள்வி சிக்கலானால் மட்டும் கால் முழங்கால் வரை ஆடும்.

பரீட்சையன்று நான் லீவு போட்டு மாடிப்படியில் காவல் இருந்தேன். அரை மணியில் காக்கு கிச்சடிக் கிண்ணத்தோடு ஏறி வந்தார். காலையிலிருந்து சத்தமே காணோமே, அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டபடியே காலிங் பெல்லுக்குக் கையை நீட்டினார். காலில் விழாத குறையாகத் தடுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில் விஷயத்தைச் சொன்னேன். என்ன புரிந்ததோ, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரும் படியில் உட்கார்ந்துவிட்டார். கூரியர்காரரை முறைத்தே திருப்பி அனுப்பினார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. கமென்ட்ரி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் தோளை உலுக்கினேன்.

"அண்ணாச்சி, எதுவா இருந்தாலும் வாயத் திறந்து சொல்லிருங்க."

"பாஸாயிட்டேம்ல தம்பி. காலுதான் மரத்துப்போச்சு."

பிறகு முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். காக்குவுக்குத் தமிழ் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் குறுக்கே பேசவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.