அப்பாவின் பட்டியலில் ஆறு வீடுகள்

பரீட்சையில் தோற்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தங்களோடு சேர்ந்து தோற்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான். நான் அதைப் பார்க்காமல் தோற்றவள்.

பாலோ என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் எங்கள் இடைநிலைப்பள்ளி. மூன்றாம் படிவ வகுப்பில் மலாய்ப் பிள்ளைகள் ஏராளம், சீனப் பிள்ளைகள் தாராளம், இந்தியப் பிள்ளைகள் ஏழே ஏழு பேர். மற்றவர்களில் பத்து இருபது பேர் கணக்கில் கோட்டை விட்டாலும் யார் யார் என்று எவரும் துருவப் போவதில்லை. அவர்கள் நிம்மதியாகத் தோற்கலாம். ஏழு பேரில் ஒருத்தியாகத் தோற்பது, காலி பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருப்பது மாதிரி.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் எனக்கு இருபத்திரண்டு. (அந்த இரண்டு, கையெழுத்து அழகாக இருந்ததற்காக இருக்கும்.) ரிப்போட் புக்கை அரிசி டின்னுக்கு அடியில் தள்ளிவிட்டு, "கணக்கு டீச்சர் லீவுப்பா, இன்னும் குடுக்கல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். என்னை நம்புவது அவருக்கு ஒரு பழக்கமாகவே இருந்தது.

அப்பா செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. நாள் முழுக்கப் பெயர்ப் பட்டியலும் கையுமாக இருப்பவர். பட்டியல் போடாமல் அவருக்குப் பல் விளக்கவும் வராது. போதாததற்குப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயற்குழு உறுப்பினர் வேறு.

சனிக்கிழமை காலை சங்கக் கூட்டம். பலகாரம் பரிமாற வந்த மாணவிகளில் நானும் ஒருத்தி. கரிபாப் தட்டோடு மண்டபத்தின் நடுவில் நின்றபோது, முதல்வர் திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார். மூன்றாம் படிவம், கணக்கு, இனவாரியாக. இந்தியர் என்ற வரிசையில் எழுதினவர் ஏழு, தேறினவர் ஆறு. (அலமாக்! பெயர் மட்டும்தான் போடவில்லை.)

அப்பா எழுந்து மலாயில் ஐந்து நிமிடம் பேசினார். அது போதாதென்று, கூட்டம் முடிந்ததும் வாகனம் நிறுத்துமிடத்தில் தமிழ்ப் பெற்றோரை நிறுத்தி வைத்துத் தொடர்ந்தார்.

"மொத்தமே ஏழு பிள்ளைங்க. அதுல ஒண்ண நாம கைவிட்டா அப்புறம் என்னங்க இருக்கு? அந்த வீட்டுல அப்பன் ஆத்தா என்ன பண்றாங்க? என் வீட்டுலயும் ஒரு புள்ள இருக்கா. தினமும் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்லா!"

பாவம், உண்மையிலேயே உட்காருவார். செய்தித்தாளோடு உட்காருவார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உள்ளே கரிபாப் இருந்தது. மென்று முடிப்பதற்குள் தைரியம் போய்விட்டது.

மறுநாள் காலை அப்பா ஒரு பட்டியலோடு மோட்டாரை எடுத்தார். ஆறு பெயர்கள். ("நம்ம வீட்ட எழுதத் தேவையில்ல.") தவறிய பிள்ளையைக் கண்டுபிடித்து இலவசமாக டியூஷன் கொடுப்பது திட்டம். டியூஷன் டீச்சர் யார் என்று நினைக்கிறீர்கள்?

"நீதாம்மா சொல்லிக் குடுக்கணும். ஏறு."

ஏறினேன்.

முதல் வீடு என் வகுப்புத் தோழன் முகிலனுடையது. அவன் வகுப்பில் தூங்குகிறவன் என்று பெயர் வாங்கியவன். அதனால் அப்பாவின் சந்தேகம் நேராக அங்கேதான் போனது. அவன் அம்மா பார்வதி ஆண்ட்டி கோழித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கணவர் இல்லை. இரவு வேலை முடிந்து வந்த உடுப்போடு கதவைத் திறந்தார். அப்பா உட்காரக்கூட இல்லை.

"தங்கச்சி, சம்பாதிக்கிறது முக்கியம்தான். ஆனா புள்ள என்ன படிக்கிறான்னு பாக்க வேணாமா? ஏழு பேர்ல ஒருத்தன் கணக்குல ஃபேலு. இப்படி விட்டா நாளைக்கு என்ன ஆவான்?"

ஆண்ட்டி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "தெரியலண்ணே, பாஸுன்னுதான் சொன்னான்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, அறையிலிருந்து வந்த முகிலனை, அவன் வாயைத் திறக்கும் முன்பே முதுகில் ஓங்கி அறைந்தார். "பொய்யாடா சொன்ன?"

முகிலன் என்னைப் பார்த்தான். வகுப்பில் விடைத்தாள் கொடுத்தபோது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் அவன். என் இருபத்திரண்டு அவனுக்குத் தெரியும். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.

அவன் உள்ளே போய் ரிப்போட் புக்கை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினான். கணக்கில் பி.

"ஓ... நல்லது, நல்லது" என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முகிலன் பெயருக்கு நேராக டிக் போட்டார். என் புக் மட்டும் ஏன் இன்னும் வரவில்லை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆண்ட்டி மகன் முதுகைத் தடவிக்கொண்டே எங்களுக்குத் தேநீர் கலக்கப் போனார். அந்தத் தேநீரையும் நான் குடித்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மற்ற ஐந்து வீடுகளிலும் தேர்ச்சிதான். ஒரு வீட்டில் ஏ காட்டினார்கள், முறுக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் அப்பாவின் முகம் மலர்ந்தது, நான் மிச்சப் பெயர்களை எண்ணினேன். கடைசி வீட்டு வாசலில் மோட்டார் மேல் உட்கார்ந்தபடியே பட்டியலை மேலிருந்து கீழே எண்ணினார். கீழிருந்து மேலே எண்ணினார்.

"ஆறும் பாஸு. முதல்வர் தப்பா போட்டுட்டாரோ?" அப்புறம் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஏழாவது யாரும்மா?"

நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழ ஆரம்பித்தேன். அப்பாவுக்குப் புரிய நிறைய நேரம் பிடித்தது. பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைத்தார். திட்டவில்லை. மோட்டாரைத் திருப்பினார். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். வண்டி பார்வதி ஆண்ட்டி வீட்டு வாசலில் நின்றது.

"தங்கச்சி, அந்த ஏழாவது புள்ள இதுதான்" என்றார் அப்பா. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "உங்களப் பேசினதெல்லாம் என்னப் பேசியிருக்கணும். மன்னிச்சிருங்க." பிறகு முகிலனிடம், "தம்பி, இவளுக்குக் கொஞ்சம் கணக்கு சொல்லிக் குடுப்பியா?"

ஆண்டு முடியும் வரை சனிக்கிழமைதோறும் முகிலன் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தான். பாதியில் தூங்குவான். எழுப்பிக் கேட்டால் சரியான விடையைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவான். ஆண்டிறுதிப் பரீட்சையில் ஏழுக்கு ஏழு.

இன்றும் எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை குறைந்தாலும், விருந்தில் ஓர் ஆள் குறைந்தாலும், அம்மா சொல்வது ஒன்றுதான்: "முதல்ல நம்ம வீட்ட எண்ணுங்க." எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் பிள்ளைகள்தான் பலமாகச் சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

போன தீபாவளிக்கு முகிலன் குடும்பத்தோடு வந்திருந்தான். அந்தச் சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் சாய்ந்து, நான் கேட்காமலேயே, "அன்னைக்கு அந்த அடி ஒண்ணும் பெருசா வலிக்கல" என்றான்.

பொய் சொல்கிறான். அந்தச் சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளேயே எனக்குக் கேட்டது.