தேதியை வென்ற குடும்பம்

மனிதகுலம் இதுவரை எத்தனையோ அடிமைத்தளைகளை அறுத்தெறிந்திருக்கிறது. காலண்டர் என்னும் கொடுங்கோலனை எதிர்த்து மட்டும் யாரும் சுண்டுவிரலைக்கூட அசைத்ததில்லை. வரலாற்றின் அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை மூன்றாம் மாடி ஓவியர் குடும்பத்தையே சாரும்.

அந்த வீட்டில் பசி வந்தால் சாப்பாடு. தூக்கம் வந்த இடமே படுக்கை. ஒரு வாரம் தங்கிப் போக வந்த மாமா, 'வாரம்' என்பதிலேயே நம்பிக்கை இழந்து அங்கேயே தங்கிவிட்டார். பிறந்தநாள்கூட உற்சாகம் பொங்கும் நாளில்தான். போன வருடம் மாமாவுக்கு நான்கு முறை பொங்கியது. மகளுக்காக ஒருவருக்கும் ஒருமுறைகூடப் பொங்கவில்லை.

இப்படிப்பட்ட தங்கமான குடும்பத்துக்குத் திருஷ்டிப் பொட்டாக வாய்த்தவள் அந்த மகள். செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பாள். புதன்கிழமையைப் புதன்கிழமை என்றே சொல்வாள். வயது ஒன்பதுதான் என்றாலும் வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஆபீசரம்மா'.

"அப்பா, பன்னிரண்டாம் தேதி எனக்குப் பத்து வயசு முடியுது. இந்தத் தடவை அன்னிக்கே கொண்டாடணும்" என்றாள் ஒருநாள்.

அப்பா தூரிகையைக் காதில் செருகிக்கொண்டார். "அன்னிக்கேன்னா?"

"அன்னிக்கேதான்."

"அன்னிக்கு என்ன கண்ணு விசேஷம்?"

"நான் பொறந்தேனே!"

"அது நடந்து முடிஞ்ச கதையாச்சே" என்றார் மாமா, சாப்பாட்டு மேஜையில் படுத்தபடி.

மேடை நாடகங்கள் போடும் அம்மா மகளை வாரி அணைத்துக்கொண்டாள். "தேதிங்கிறது வெறும் நம்பர்டி. மனசு எப்போ கொண்டாடுதோ அதுதான் பிறந்தநாள். உற்சாகம் வரட்டும்."

"வரலைன்னா?"

"வற்புறுத்தினா அதுக்குப் பேர் உற்சாகமா?"

இவ்வளவு உயர்ந்த தத்துவத்தைக் கேட்டதும் ஆபீசரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையை மறைக்க, வீட்டைப் பெருக்கலாம் என்று போனாள். துடைப்பம் புத்தக அலமாரியில் இருந்தது.

மறுநாளே 'தடையற்ற வாழ்வு மன்ற'த்தின் தலைவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"இந்த வருஷத்தோட 'கட்டற்ற குடும்பம்' விருது உங்களுக்குத்தான். பன்னிரண்டாம் தேதி காலையில ஒன்பது மணிக்கு விழா. டாண்ணு வந்துடணும். லேட்டானா அடுத்த குடும்பத்துக்குக் குடுத்துடுவோம். எங்க மன்றத்துல விதின்னா விதிதான்!"

பன்னிரண்டாம் தேதி! அந்த வீட்டில் அவளைத் தவிர இன்னொருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்துவிட்டது. இனி எப்படி மறப்பார்கள்? ஆபீசரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பன்னிரண்டாம் தேதி பொழுது புலர்வதற்குள் வீடே அமர்க்களப்பட்டது. அப்பா தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். மாமா சீப்பு கேட்டார்; அந்த வேண்டுகோளின் புதுமையில் எல்லோரும் ஒரு கணம் ஸ்தம்பித்தார்கள். நிமிஷத்துக்கொரு தரம் "மணி என்ன, மணி என்ன?" என்ற குரல்.

"ஏய், சீக்கிரம் கிளம்புடி! லேட்டாகுது!" என்று அம்மா அதட்டினாள்.

பிறந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் அதட்டல் அது. காதில் தேன் பாய்ந்தது. இருப்பதிலேயே நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றாள். வாடகைக் காரில் நடுவில் உட்கார்ந்து, இப்போது சொல்வார்கள், இதோ சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ஏற்புரையை முணுமுணுத்தாள். மாமா தூங்கினார்.

மேடையில் விருது கைமாறியது. சபை எழுந்து நின்று கை தட்டியது. நேரம், தேதி என்ற அற்பங்களைக் கடந்த அந்தக் குடும்பத்தைத் தலைவர் வாயாரப் புகழ்ந்துவிட்டு, ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

"பாப்பா, உங்க வீட்ல இன்னிக்கு என்ன தேதின்னுகூட யாருக்கும் தெரியாதாமே? குடுத்து வச்சவம்மா நீ! ரெண்டு வார்த்தை சொல்லு."

"தெரியுமே சார்" என்றாள் ஆபீசரம்மா. "இன்னிக்குப் பன்னிரண்டு. விடியறதுக்குள்ள எழுந்து எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டோம்."

சபை சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

"இன்னிக்கு என் பிறந்தநாள் சார். தேதியை இவங்க மறக்கல. என்னைத்தான் மறந்துட்டாங்க."